பிட்ஸ்பர்க் பி.என்.சி. பார்க்: கிரிக்கெட் பைத்தியமான அப்பாவை பேஸ்பால் பார்க்க அழைத்துப் போகலாமா?

கொலம்பஸ்காரன்:

வணக்கம் மக்களே. நான் ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் இருக்கிறேன். ஜூலையில் திருச்சியிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். இந்தப் பக்கம் வருகிற எல்லாரையும் போல ஒரு சனிக்கிழமை பிட்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கிற பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போகிறோம், அது முடிவாகிவிட்டது. கேள்வி அதற்கு அப்புறம் என்ன செய்வது என்பதுதான். அன்று சாயங்காலம் பிட்ஸ்பர்க்கின் பேஸ்பால் அணியான பைரேட்ஸுக்கு அவர்களுடைய சொந்த மைதானமான பி.என்.சி. பார்க்கில் ஆட்டம் இருக்கிறது. என் அலுவலகத்தில் பாதிப் பேர் கிளீவ்லாண்ட் ரசிகர்கள், அவர்களே "பேஸ்பால் பிடிக்கிறதோ இல்லையோ, அந்த ஸ்டேடியத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வா" என்று சொல்கிறார்கள்.

அப்பாவுக்கு கிரிக்கெட் என்றால் உயிர். ஆளே இல்லாத ரஞ்சி ஆட்டத்தை நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற ரகம். பேஸ்பால் ஒரு பந்துகூடப் பார்த்ததில்லை, "அது ஃபுல்டாஸ் அடிக்கிற ஆட்டம்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார். அம்மாவுக்கு எந்த விளையாட்டும் ஆகாது, ஆனால் ஆறு, பாலம், படகு என்றால் சரி என்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ரொம்ப தூரம் நடக்கவோ படி ஏறவோ முடியாது. இரண்டு பேரும் சைவம்.

எந்தப் பக்கம் டிக்கெட் எடுப்பது, வண்டியை எங்கே நிறுத்துவது, உள்ளே சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதோடு எனக்கே ஒரு சந்தேகம். அந்த அணி வருஷக்கணக்காகத் தோற்றுக்கொண்டே இருக்கிறது என்கிறார்கள். அப்புறம் ஏன் அந்த மைதானத்துக்கு மட்டும் இவ்வளவு பேர்?

வடகரைவாசி:

போங்கள், யோசிக்கவே வேண்டாம். நான் இங்கேதான் ஆற்றுக்கு வடக்கே குடியிருக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அழைத்துப் போவது இங்கேதான்.

டிக்கெட் எடுப்பதற்கு முன் மைதானம் எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். ஸ்டேடியம் அலெகெனி ஆற்றின் வடகரையில் இருக்கிறது, நகரத்தின் உயரமான கட்டடங்கள் எல்லாம் தென்கரையில். பேட்ஸ்மேன் நிற்கிற ஹோம் பிளேட் வடமேற்கு மூலையில், அங்கிருந்து நேராகப் பார்த்தால் தென்கிழக்கு. வலது பக்கச் சுவருக்குப் பின்னால் ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நகரம், நடுவில் மஞ்சள் பாலம். இதெல்லாம் கண்ணுக்கு நேரே தெரிய வேண்டுமென்றால் மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது ஹோம் பிளேட்டிலிருந்து பார்த்தால் இடது பக்கம், உட்கார வேண்டும். பைரேட்ஸ் வீரர்கள் உட்காருகிற இடமும் அந்தப் பக்கம்தான், நல்ல காட்சியைத் தங்கள் ஆட்களுக்கே வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்று. ஜூலை மாலை வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும். முதல் பேஸ் பக்கம், அதாவது வலது பக்கம், உட்கார்ந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும், சீக்கிரம் நிழல் விழும், ஆனால் நகரத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் மேல் அடுக்கில், ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் மூன்றாம் பேஸ் பக்கமாகத் தள்ளி எடுங்கள். கீழே நெருங்கி உட்கார்ந்தால் பந்து நன்றாகத் தெரியும், ஆனால் அதற்குக் கொடுக்கிற விலையில் பாதிக்கும் குறைவாக மேலே ஆறு, பாலம், படகு, ஆட்டம் எல்லாம் சேர்ந்து கிடைக்கும். இங்கே ஜூலையில் சூரியன் மறைய எட்டே முக்கால் ஆகிவிடும். மறைவதற்கு முன் ஒரு அரை மணி நேரம் மேற்கு வெயில் நேராக எதிர்க்கரைக் கண்ணாடிக் கட்டடங்கள் மேல் விழும் பாருங்கள், அந்த நேரத்தில் ஆட்டத்தில் யார் அடித்தார் என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது.

வண்டியை ஸ்டேடியம் பக்கம் கொண்டு வராதீர்கள். ஆட்டம் முடிந்ததும் வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தென்கரையில் நகரத்துக்குள் ஏதாவது ஒரு பல அடுக்கு பார்க்கிங்கில் விட்டுவிட்டு ராபர்ட்டோ கிளமென்டே பாலம் வழியாக நடந்து வாருங்கள். ஆட்ட நாட்களில் அந்தப் பாலத்தில் வண்டிகளை விடமாட்டார்கள், முழுப் பாலமும் நடக்கிறவர்களுக்குத்தான். அம்மாவுக்கு நடக்க முடியாது என்றால் 'டி' என்கிற ரயில் இருக்கிறது. கேட்வே நிலையத்தில் ஏறி ஆற்றுக்கு அடியில் போகிற சுரங்கம் வழியாக அடுத்த நிலையமான நார்த் சைடில் இறங்கலாம். 2012இல் திறந்த பாதை, நகர மையத்துக்கும் இந்த நிலையத்துக்கும் நடுவில் டிக்கெட்டே வேண்டாம், இலவசம்.

கட்டடக்கிறுக்கன்:

"ஏன் இவ்வளவு பேர்" என்று கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். இது என் ஏரியா.

இதற்கு முன்னால் இங்கே இருந்தது த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியம். 1970இல் திறந்தது. முழு வட்டமான கான்கிரீட் கிண்ணம், பேஸ்பாலும் அதிலேதான், ஸ்டீலர்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்தும் அதிலேதான். பெயரில் மூன்று நதி இருக்கிறதே தவிர உள்ளே உட்கார்ந்தால் ஒரு நதியும் தெரியாது, நாலாபுறமும் கூண்டு மாதிரி மூடியிருக்கும். அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுக்க இப்படித்தான் கட்டினார்கள், இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே இடம் என்று சிக்கனம் பார்த்து, கடைசியில் இரண்டுக்கும் சரிப்படாத ஒன்று வந்து சேர்ந்தது. 2001 பிப்ரவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதற்கு இரண்டு மாதத்துக்குள் பக்கத்திலேயே பி.என்.சி. பார்க் திறந்துவிட்டது.

புதியதைக் கட்டியது எச்.ஓ.கே. ஸ்போர்ட் என்ற நிறுவனம், இப்போது பாப்புலஸ் என்று பெயர். பால்டிமோரில் 1992இல் கேம்டன் யார்ட்ஸ் கட்டி, பழைய பாணிச் செங்கல் மைதானங்களுக்கு மறுபடி மோகம் கிளப்பியவர்களும் அவர்கள்தான். ஆனால் இங்கே அவர்கள் எடுத்த முடிவில் எனக்கு ரொம்பப் பிடித்தது செங்கல்லோ கல்லோ இல்லை. சின்னதாகக் கட்டினார்கள், அதுதான். மொத்தம் 38 ஆயிரத்துச் சொச்சம் இருக்கைகள். பெரிய மைதானங்களில் மூன்று, நான்கு அடுக்குகள் இருக்கும். இங்கே முக்கியமாக இரண்டே அடுக்கு. மில்வாக்கியில் 1953இல் கட்டியதற்குப் பிறகு பேஸ்பாலின் உச்ச மட்டமான பெரிய லீக்கில் யாரும் அப்படிக் கட்டியிருக்கவில்லை. இருப்பதிலேயே உயரமான இருக்கைகூட ஆடுகளத்திலிருந்து 88 அடி உயரத்தில்தான். அதனால்தான் மேலே விலை குறைந்த டிக்கெட்டில் உட்கார்ந்தாலும் ஆட்டக்காரர் எறும்பாகத் தெரிவதில்லை. வடகரைவாசி மேல் அடுக்கு எடுக்கச் சொன்னது சரியான யோசனை.

அப்புறம் திசை. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. இதே ஆறு கொஞ்ச தூரத்தில் மோனங்கஹீலா ஆற்றோடு சேர்ந்து ஒஹையோ ஆறாகி, கீழே சின்சினாட்டி வரை போகிறது. அங்கேயும் 2003இல் ஆற்றங்கரையில் ஒரு பேஸ்பால் ஸ்டேடியம் கட்டினார்கள். நல்ல மைதானம்தான். ஆனால் அங்கே நகரம் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, முன்னால் ஆறும் அந்தக் கரையில் கென்டக்கியும்தான். பிட்ஸ்பர்க்கில் நகரத்துக்கு எதிர்க்கரையில் வைத்து நகரத்தைப் பார்த்தே திருப்பிவிட்டார்கள். ஆற்றங்கரையில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது, எந்தக் கரை, எந்தப் பக்கம் பார்த்து என்பதில் இருக்கிறது விஷயம்.

சுவரெல்லாம் மினசோட்டாவிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் சுண்ணாம்புக்கல், கசோட்டா கல் என்பார்கள். இரும்பெல்லாம் நீலம். ஸ்டீல் நகரம் என்பதால் இரும்பை மறைக்காமல் வெளியே தெரியும்படி விட்டிருக்கிறார்கள். இடது மூலையில் ஒரு வட்டமான ஏறுபாதை இருக்கிறது, சும்மா ஏறுவதற்கு வைத்தது, இப்போது அதிலேயே நின்று ஆட்டம் பார்க்க ஒரு கூட்டம் இருக்கிறது.

வலது பக்கச் சுவரின் உயரம் 21 அடி. கிளமென்டேயின் எண் 21, அதற்காகவே அந்த உயரம். அப்பாவிடம் இவரைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். போர்ட்டோ ரிக்கோக்காரர், பைரேட்ஸுக்காகப் பதினெட்டு சீசன் ஆடினார். பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸ் சேர்ந்தால் அது ஒரு 'ஹிட்'. 1972 சீசனின் கடைசியில் தன் 3,000ஆவது ஹிட்டை அடித்தார். அந்த டிசம்பரில் நிகராகுவாவில் பெரிய நிலநடுக்கம். நிவாரணப் பொருள் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, டிசம்பர் 31 அன்று தானே விமானத்தில் ஏறினார். விமானம் கடலில் விழுந்தது, உடல்கூடக் கிடைக்கவில்லை. கணக்கு 3,000த்திலேயே நின்றுவிட்டது. இந்த ஸ்டேடியத்துக்கு அவர் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று ஊரில் நிறையப் பேர் நினைத்தார்கள். பெயர் பி.என்.சி. என்ற வங்கிக்குப் போனது, பாலம் அவருக்குக் கிடைத்தது, 1998இல். பாலத்தடியில் அவர் சிலை இருக்கிறது, சிலைக்கடியில் போர்ட்டோ ரிக்கோ மண்ணும் பைரேட்ஸின் பழைய மைதானங்களின் மண்ணும் வைத்திருக்கிறார்கள்.

கொலம்பஸ்காரன்:

அருமை, ரொம்ப நன்றி இரண்டு பேருக்கும். இன்னொரு கேள்வி. ஹோம் ரன் (நம்ம சிக்சர் மாதிரி) அடித்தால் பந்து ஆற்றில் விழும் என்கிறார்களே, அது அடிக்கடி நடக்கிறதா? அப்பாவுக்கு இந்த மாதிரி விஷயம்தான் ஆர்வத்தைக் கிளப்பும்.

கட்டடக்கிறுக்கன்:

நேராக ஆற்றில் விழுவது அபூர்வம். ஹோம் பிளேட்டிலிருந்து தண்ணீர் வரை 443 அடி 4 அங்குலம். நம் கணக்கில் 135 மீட்டர். கிரிக்கெட்டில் 100 மீட்டர் சிக்சருக்கே வர்ணனையாளர்கள் துள்ளுகிறார்கள். முதல் ஆள் 2002 ஜூலையில் ஹூஸ்டன் அணியின் டாரில் வார்டு. வேடிக்கை என்னவென்றால், பைரேட்ஸ் ஆள் ஒருவர் அதைச் செய்ய 2013 வரை ஆனது, கேரட் ஜோன்ஸ். 2019இல் ஜாஷ் பெல் ஒரே சீசனில் இரண்டு தடவை போட்டார். நடைபாதையில் விழுந்து எகிறி ஆற்றுக்குள் போவது கொஞ்சம் அதிகம். அதைப் பொறுக்கப் படகில் காத்திருப்பவர்களும் உண்டு.

வரிகட்டுபவன்:

எல்லாரும் காட்சியைப் பற்றியே பேசுகிறீர்கள். பில்லைப் பற்றியும் யாராவது பேச வேண்டாமா?

1997இல் இந்தப் பகுதியின் 11 கவுண்டிகளில் (நம்ம மாவட்டம் மாதிரி) வாக்கெடுப்பு வைத்தார்கள், ஸ்டேடியங்களுக்காக விற்பனை வரியை அரை சதவீதம் ஏற்றலாமா என்று. மக்கள் மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், கொஞ்சநஞ்சம் இல்லை, எல்லா கவுண்டியிலும். சரி, அதோடு விட்டார்களா? 'பிளான் பி' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே வசூலாகிக்கொண்டிருந்த உள்ளூர் விற்பனை வரியின் பங்கிலிருந்து பணத்தைத் திருப்பி, மாநிலப் பணத்தையும் சேர்த்து, இரண்டு ஸ்டேடியம், ஒரு மாநாட்டு மையம் என்று 80 கோடி டாலருக்கு மேல் போட்டுக் கட்டினார்கள். பேஸ்பால் ஸ்டேடியத்துக்கு மட்டும் 21 கோடியே 60 லட்சம் டாலர் என்பார்கள். அதில் அணி போட்டது சின்னப் பங்கு. வாக்களித்து வேண்டாம் என்று சொன்ன பொருளை நம் காசிலேயே வாங்கிக் கொடுத்தார்கள் என்று அப்போதே ஊரில் 'ஸ்கேம் பி' என்று கிண்டல் செய்தார்கள்.

அப்போது சொன்ன நியாயம் என்ன? புது ஸ்டேடியம் வந்தால் வருமானம் வரும், வருமானம் வந்தால் நல்ல வீரர்களை எடுப்போம், ஜெயிப்போம். நடந்தது என்ன? திறந்த வருஷம், 2001இல், 162 ஆட்டத்தில் 100 தோல்வி. 1993இல் தொடங்கி 2012 வரை 20 சீசன் தொடர்ந்து தோல்விக் கணக்குதான், வட அமெரிக்காவில் பெரிய லீக் எதிலும் இப்படி ஒரு சாதனை கிடையாது. சாம்பியன் பட்டத்துக்கான உலகத் தொடரைக் கடைசியாக ஜெயித்தது 1979. சம்பளப் பட்டியலில் பெரும்பாலும் கடைசி வரிசையில் இருக்கிற அணி. பால் ஸ்கீன்ஸ் என்று ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுபவன், கிடைத்திருக்கிறான், 2025இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவன் கொடுத்த ரன் சராசரி 1.97, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினான். அப்படிப் போட்டும் அவன் பெயரில் 10 வெற்றி, 10 தோல்வி. ஏன்? இவன் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் போடுவான், இவன் பக்கத்து ஆட்கள் ஒரு ரன்கூட எடுக்க மாட்டார்கள்.

அந்த 21 அடிச் சுவரைப் பற்றி உருகினீர்களே. 2025 ஏப்ரலில் அந்தச் சுவரில் இருந்த கிளமென்டேயின் 21 சின்னத்தை எடுத்துவிட்டு விளம்பரம் ஒட்டினார்கள். அவர் குடும்பத்தார் கேட்டு, ஊரே சத்தம் போட்ட பிறகுதான் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வைத்தார்கள். 'அணியை வித்துட்டுப் போ' என்று முதலாளியைப் பார்த்துக் கூட்டம் கத்துவதை அப்பா அம்மாவும் கேட்பார்கள், பயப்பட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

வடகரைவாசி:

அண்ணா, நீங்கள் சொன்னதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் ஸ்டேடியத்தின் மேல் இருக்கிற கோபம் வேறு, முதலாளி மேல் இருக்கிற கோபம் வேறு. இன்னும் சொன்னால் இந்த ஸ்டேடியம் நன்றாக இருப்பதுதான் முதலாளிக்கு வசதி. ஆட்டம் எப்படி இருந்தாலும் வெள்ளி, சனி சாயங்காலம் ஜனங்கள் ஆற்றைப் பார்க்கவாவது வந்துவிடுகிறார்கள், டிக்கெட் காசு வந்துவிடுகிறது, அப்புறம் நல்ல ஆளை எடுக்க என்ன அவசரம்? அசிங்கமான கான்கிரீட் கிண்ணமாக இருந்திருந்தால் காலி நாற்காலியைப் பார்த்தாவது ஏதாவது செய்திருப்பார்கள் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

ஆனாலும் 2013 அக்டோபர் 1 பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது நியாயமில்லை. 20 வருஷத் தோல்விக்குப் பிறகு முதல் தடவை பிளே ஆஃப், சின்சினாட்டியுடன் ஒரே ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு. 40,487 பேர் உள்ளே, இருக்கையைவிட ஆட்கள் அதிகம். பாலத்தின் மேலேயும் ஜனம் நின்றது. எல்லாரும் கறுப்புச் சட்டை. சின்சினாட்டி பிட்சர் ஜானி குவெட்டோவின் பெயரை இழுத்து இழுத்து 'குவே...ட்டோ' என்று மொத்தக் கூட்டமும் பாட ஆரம்பித்தது. அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. பந்தை எடுத்தார், அடுத்த பந்தைப் போட்டார், பைரேட்ஸின் ரஸ்ஸல் மார்ட்டின் அதைத் தூக்கி இடது பக்கக் கூட்டத்துக்குள் அனுப்பினார். சேப்பாக்கத்தில் எவ்வளவோ சத்தம் கேட்டிருப்பீர்கள், இதையும் யூடியூபில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கள், ஆட்டம் புரிய வேண்டிய அவசியமே இல்லை. 6-2 என்று ஜெயித்தார்கள். சின்ன ஸ்டேடியம், கூட்டம் ஆடுகளத்துக்குப் பக்கத்தில் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் வேலை செய்தது.

வரிகட்டுபவன்:

அந்த ஒரு ராத்திரியைக் காட்டியே இன்னும் எத்தனை வருஷம் டிக்கெட் விற்பார்கள் என்றுதான் நானும் பார்க்கிறேன் :)

பென்ஹில்ஸ் அக்கா:

தம்பி, இவர்கள் சண்டை ஓயாது, நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். என் மாமனார் மாமியாரை அழைத்துப் போன அனுபவத்தில் சொல்கிறேன்.

சாப்பாடு முதலில். கோயிலில் மதியம் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வருவீர்கள், அங்கேயே புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொள்ளுங்கள். இந்த ஸ்டேடியத்துக்குள் வெளிச் சாப்பாடு கொண்டு போகலாம், பாட்டிலில் தண்ணீரும் விடுகிறார்கள், ஆனால் மூடி திறக்காததாக இருக்க வேண்டும். பை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை மட்டும் கிளம்புவதற்கு முன் அணியின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த விதிகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அலுமினியத் தாளில் மடித்துச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கொண்டு போங்கள், டப்பா வேண்டாம்.

உள்ளே வாங்கித் தின்பதென்றால் பியரோகி கேட்டுப் பாருங்கள். உருளைக்கிழங்கு மசியலும் சீஸும் வைத்து மடித்து, வேகவைத்து, வெண்ணெயில் வெங்காயத்தோடு புரட்டித் தருவார்கள், பார்க்க நம்ம சோமாசி மாதிரி இருக்கும். ஸ்டீல் ஆலைகளில் வேலை செய்ய வந்த போலந்து, ஸ்லோவாக்கியா ஜனங்கள் கொண்டுவந்த பண்டம், இப்போது ஊர்ச் சாப்பாடே அதுதான். சில இடங்களில் மேலே பன்றிக்கறித் துண்டு தூவுகிறார்கள், அது வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஆட்டத்தின் நடுவில் இந்தப் பியரோகி வேஷம் போட்டவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள். ஜலபேன்யோ ஹானா, சீஸ் செஸ்டர் என்று ஆளுக்கொரு பெயர். என் மாமியார் மூன்று மணி நேரத்தில் எழுந்து நின்று கை தட்டியது அதற்கு மட்டும்தான். ப்ரிமான்டி சாண்ட்விச் என்று இன்னொன்று பிரபலம், ரொட்டிக்குள்ளேயே பிரெஞ்சு ஃபிரைஸும் கோஸும் வைத்து அடைப்பார்கள், ஆனால் அதில் இறைச்சி இருக்கும்.

இப்போது அப்பா. கிரிக்கெட் தெரிந்தவருக்கு பேஸ்பாலை முழுசாக விளக்கப் போனால் சண்டைதான் வரும். கொஞ்சம் மட்டும் சொல்லுங்கள். இங்கே ஓவர் கிடையாது, ஒரே பிட்சர் களைக்கிற வரை போட்டுக்கொண்டே இருப்பார். மூன்று பேர் அவுட்டானால் அந்த இன்னிங்ஸ் முடிந்தது, இப்படி அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ். இரண்டு வெள்ளைக் கோட்டுக்கு வெளியே அடித்தால் ரன் இல்லை, அதாவது பின்பக்கமாகத் தட்டிவிடுகிற லேட் கட், லெக் கிளான்ஸ் எல்லாம் இங்கே வீண். இதைக் கேட்டதும் என் மாமனார் "அப்ப விஸ்வநாத் எல்லாம் இங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார், அதிலிருந்து ஆட்டத்தைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார். ஃபுல்டாஸ் என்று சொல்கிறாரே, அந்தப் பந்து 60 அடி தூரத்திலிருந்து மணிக்கு 95, 98 மைல் வேகத்தில் வருகிறது, 150 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் கடைசி நேரத்தில் கீழே இறங்கும் என்று ஸ்கோர் பலகையில் வேகத்தைக் காட்டுங்கள். ஸ்கீன்ஸ் போடுகிற நாளாக அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அப்புறம், கூட்டத்துக்குள் வந்த பந்தைப் பிடித்தால் திருப்பித் தர வேண்டாம், வீட்டுக்கே எடுத்துப் போகலாம். இதைக் கேட்டால் ரஞ்சி பார்க்கிற மனுஷருக்குப் பொறாமையே வரும்.

ஆட்டம் இழுக்குமோ என்று பயப்பட வேண்டாம். 2023இலிருந்து பிட்சருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள், பேஸில் ரன்னுக்காக ஓடக் காத்திருக்கிற ஆள் இல்லாதபோது 15 விநாடிக்குள் போட்டாக வேண்டும். பெரும்பாலும் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, இப்போதைய டி20யைவிடக் குறைவு.

பைரேட்ஸுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, அதையும் அப்பாவிடம் சொல்லுங்கள். 2008இல் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள் இரண்டு பேரை, ரிங்கு சிங், தினேஷ் படேல், இந்த அணிதான் ஒப்பந்தம் செய்தது. இந்தியாவில் நடந்த ஒரு பந்து வீசும் போட்டியில் தேறி வந்தவர்கள், அதற்கு முன் பேஸ்பாலையே தொட்டதில்லை. சிறிய லீக்குகளோடு நின்றுவிட்டார்கள், இந்த மைதானம் வரை வரவில்லை. கொல்கத்தாவுக்கு ஆடுகிற ரிங்கு சிங் வேறு, இவர் வேறு, அப்பா கட்டாயம் குழப்பிக்கொள்வார். இந்த ரிங்கு பிற்பாடு மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். ஹோம் பிளேட் வாசல் பக்கமாக உள்ளே போனால் லிஃப்ட் இருக்கிறது, அங்கே நிற்கிற ஊழியர்களிடம் கேட்டால் கூட்டிப் போய்விடுவார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். மேல் அடுக்கில் டிக்கெட் எடுக்கும்போது வரிசை எழுத்தைப் பாருங்கள். 'ஏ', 'பி' மாதிரி ஆரம்ப எழுத்தாக எடுங்கள். மேலே போகப் போகப் படிகள் செங்குத்தாக இருக்கும், கழிப்பறைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினாலே அம்மாவுக்குப் போதும் என்றாகிவிடும்.

கொலம்பஸ்காரன்:

அக்கா, லேட் கட் கதையை அப்பாவிடம் போனில் சொன்னேன், "அப்ப இது பாதி மைதானத்தில் ஆடுற ஆட்டமா" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், ஆனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். மேல் அடுக்கு, மூன்றாம் பேஸ் பக்கம், 'சி' வரிசையில் எடுத்துவிட்டேன். போகும்போது ரயில், திரும்பும்போது அம்மாவுக்கு முடிந்தால் பாலத்தில் மெதுவாக நடப்பது என்று திட்டம். வரிகட்டுபவன் அண்ணாவுக்கும் நன்றி, அந்த வாக்கெடுப்பு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, அலுவலகத்தில் கேட்டால் கிளீவ்லாண்ட்காரர்கள் எங்கள் ஊரிலும் இதே கதைதான் என்கிறார்கள்.

மழை வந்தால் என்ன ஆகும்?

வடகரைவாசி:

ஆடுகளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுக் காத்திருப்பார்கள். மேல் அடுக்கில் பின் வரிசைகளுக்குத்தான் கூரை, 'சி' வரிசை நனையும், அப்போது உள்ளே நடைகூடத்துக்கு வந்து நின்றுகொள்ளுங்கள். ஐந்து இன்னிங்ஸ் தாண்டி நின்றுபோனால் அது முடிந்த ஆட்டமாகவே கணக்கு. அதற்கு முன்னால் கைவிட்டால் அதே டிக்கெட்டுக்கு வேறொரு நாள் கொடுப்பார்கள். டக்வொர்த் லூயிஸ் எல்லாம் கிடையாது என்று அப்பாவிடம் சொல்லுங்கள், அதற்காகவாவது அவருக்கு இந்த ஆட்டம் பிடிக்கும்.

பென்ஹில்ஸ் அக்கா:

ஆளுக்கொரு மெல்லிய ஸ்வெட்டரும் எடுத்து வையுங்கள் தம்பி. ஜூலைதானே என்று விட்டுவிடாதீர்கள், இருட்டின பிறகு ஆற்றுக் காற்று அடித்தால் திருச்சிக்காரர்களுக்கு அது மார்கழிதான்.